பிரமிளாவின் கொசு டப்பாக்கள்

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம், இருந்தது. அதைத் துண்டு போட்டு விற்றது போக மிஞ்சியது தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு வரிசை லயத்து வீடுகள்தான். அதில் ஒன்று பிரமிளாவுடையது. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை வேலை அவளுக்கு. லயத்துக்குப் பின்னால் வீடு கட்ட வந்த நிறுவனம் பாதியில் கையை விரித்துவிட்டுப் போயிருந்தது. அது கட்டிப்போட்ட சிமெண்டுக் கால்வாய்களில் மழைத் தண்ணீர் தேங்கி, கொசு கும்மாளம் போட்டது.

அவள் கணவன் தேவனை டிங்கிக் காய்ச்சல் ஒருமுறை சாகடிக்கப் பார்த்தது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் கால்வாய்களை மூட வைக்காமல் பிரமிளாவுக்கு இனித் தூக்கமில்லை. சுகாதார அதிகாரிகளுக்கு மனு மனுவாகக் கொடுத்தாள். ஆதாரம் எங்கே என்றார்கள்.

ஆதாரம்தானே, சேர்த்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். ஷரபுதீன் அண்ணன் தன் சாப்பாட்டுக் கடையின் பால் டின்களைக் கழுவி, கறுப்புச் சாயம் அடித்துக் கொடுத்தார். லயத்து ஆட்கள் அவற்றில் கொசு முட்டையிடத் தண்ணீர் ஊற்றி, வீட்டிலும் கால்வாய் ஓரத்திலும் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொசுப்புழுவை எண்ணி, படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஒருவர் எண்ணியதைப் பக்கத்து வீட்டார் மறுபடி எண்ண வேண்டும். முதலில் பாதிப் பேர் புழுவைக் கொட்டிவிட்டு, எங்கள் டப்பா சுத்தம் என்று பொய் சொன்னார்கள். வெட்கமாம்! பிரமிளா வீடு வீடாய்ப் போய்க் கெஞ்சி அதைத் திருத்தினாள். அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்து ஓய்ந்த மங்களம் அக்கா அதன் பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. தவறியவர்களை அவளே விரட்டினாள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து சரிபார்த்து, கணக்கு அத்தனையும் நம்பத்தக்கது என்றார்கள். பத்திரிகையில் படம் வந்தது. ஒருவழியாக அதிகாரிகளும் இறங்கி வந்தார்கள். நேரில் வருகிறோம், புழுவைக் கண்ணால் பார்த்தால் நிறுவனத்துக்கு உத்தரவு போடுகிறோம் என்றார்கள்.

அவர்கள் வரும் நாளன்று பிரமிளா அரைநாள் விடுப்பு போட்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். லயம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. லாரி ஓட்டும் அர்ச்சுனன் எங்கிருந்தோ பம்பு கொண்டுவந்து கால்வாய்த் தண்ணீரை ஒரு சொட்டில்லாமல் இறைத்திருந்தான். கரையெல்லாம் சுண்ணாம்பு. டப்பாக்களைக்கூடச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் ஆட்களை வேலை வாங்கும் தண்டல் முதல் ஆளாக லயத்தைக் கூட்டச் சொல்லி விரட்டுவான் அல்லவா, தோட்டம் போன பிறகும் அந்தப் பயம் இவர்கள் உடம்பை விட்டுப் போகவில்லை.

"பெரிய ஆளுங்க வாராங்கல்ல பிரமிளா, நாறிக் கெடக்குறாங்கன்னு நம்மள சொல்லிறக் கூடாது" என்றாள் மங்களம் அக்கா, விளக்குமாறும் கையுமாக.

"நாறுறதக் காட்டத்தானேக்கா கூப்பிட்டேன்?"

அதற்குள் கார் வந்துவிட்டது. அதிகாரிகள் குனிந்து பார்த்தார்கள், ஒரு புழு இல்லை. பாகுஸ், பாகுஸ் என்று மலாயில் எல்லோரையும் பாராட்டினார்கள். பிரமிளா கைப்பேசியில் பழைய படங்களைக் காட்டி மன்றாடினாள். அதெல்லாம் அப்போது, இன்று கண்டதைத்தான் எழுத முடியும் என்று சிரித்தார் ஒருவர். தொண்டர்களின் உழைப்பால் கொசு ஒழிந்தது, நிறுவனத்தின் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று அறிக்கை வந்தது.

அடுத்த மழையில் கால்வாய் நிரம்பியது. தேவனுக்குக் காய்ச்சல் கண்டது. இந்த முறை அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. கருமாதி முடிவதற்குள் கால்வாயை அதிகாரிகள் மண் போட்டு மூடிவிட்டார்கள், பாவிகள். மங்களம் அக்கா காலில் விழுந்து அழுதாள். பிரமிளா காலை இழுத்துக்கொண்டாள். அறியாமல் செய்ததுதான், அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மனம் ஆறவில்லை.

இப்போது பாரிட் புந்தார், ஆயர் தாவார் ஊர்களிலிருந்தும் டப்பா வைத்துக் கணக்கெடுக்கச் சொல்லித்தர அவளைக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு மண்டபத்தில், இப்படித் தொண்டர்களை வைத்து வேலை செய்வதில் முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதிகாரி வர்ற அன்னிக்கு உங்க ஆளுங்கள வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிருங்க" என்றாள் பிரமிளா.

மண்டபமே சிரித்தது. கூட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மங்களம் அக்கா மட்டும் எழுந்து வெளியே போனாள். பிரமிளா அவளைத் தடுக்கவில்லை.