அவர் சொன்னது நடக்காமல் போகட்டும்

அன்று என் கணவர் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பாட்டுத் தூக்குவாளி திறக்காமல் வண்டியின் கொக்கியில் தொங்கியது. தீபாவளிக்கு முந்திய சீசன். அந்த நேரத்தில் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிற ஒருவர் மதியத்தில் வீடு திரும்பினால் ஒன்று வெடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் சண்டை போட்டிருக்க வேண்டும். வெடித்திருந்தால் ஆமத்தூரில் எங்களுக்கே சத்தம் கேட்டிருக்கும்.

"என்னாச்சுங்க?"

"வேலைய விட்டுட்டேன்" என்றார். கை கால் கழுவிவிட்டு வந்து, தூக்குவாளியைத் திறந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

பிறகுதான் சொன்னார். பட்டாசில் மருந்து அடைக்கிற அறை ஒவ்வொன்றிலும் நான்கு பேர்தான் இருக்கலாம். அதுதான் சட்டம். ஏதாவது ஆனால் நான்கு பேரும் வெளியே ஓட நான்கு பக்கமும் வாசல் இருக்கும். அந்த வருஷம் வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்ததால் அறைக்கு ஆறு பேர், ஏழு பேர் என்று உட்கார வைத்தார்கள். அதற்கும் மேல் வந்தவர்களை வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து மருந்து அடைக்கச் சொன்னார்கள். என் கணவர் கூடுதலாக இருந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பினார். மேனேஜர் அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பினார். இப்படிச் சில நாள் இழுபறி நடந்தது. கடைசியில் மேனேஜர் சொன்னாராம், "சீசன் முடியுற மட்டும் கண்ணை மூடிக்கிடுங்க. நீங்க ஒருத்தர் மட்டுந்தான் இங்கன யோக்கியரா?" என்று.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீக?"

"ஒன்னும் சொல்லல. சாவிய மேசையில வச்சுட்டு வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகன் விருதுநகரில் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அது. நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் பார்க்கிறேன். என் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீடு நடத்த முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரமே எங்கள் சபை குருவானவர் ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்தார். அவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். நாலைந்து ஊர்ச் சபைகளை அவர் ஒருவரே பார்க்கிறார். எப்போதும் அவசரத்தில் இருப்பவர், அன்று மட்டும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடிந்து எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, "அம்மா, அடுத்த மாசம் பெண்கள் கூட்டத்துல நீங்கதான் செய்தி குடுக்கணும். விசுவாசிகள்ட்ட தேவன் தேடுற குணங்கள். இதான் தலைப்பு" என்றார்.

"இப்ப வேண்டாங்கய்யா. மனசு சரியில்ல."

"மனசு சரியில்லாதவங்க பேசுறதும் நல்லதுதான்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு நேரமாக இருந்தால் அது பெரிய வேலையே இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து எனக்குப் பழக்கம் உண்டு. உண்மை, பொறுமை, தாழ்மை, இரக்கம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் வேதத்திலிருந்து ஒரு வசனம் சேர்த்தால் போதும். எழுதியும் பார்த்தேன். எழுதி வைத்ததைப் படித்தால், பட்டாசுப் பெட்டிமேல் ஒட்டுவதற்கு எங்கள் அச்சகத்தில் அடிக்கிற லேபிள் மாதிரி இருந்தது. பளபளவென்று இருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உண்மையாக இரு என்று மற்ற பெண்களுக்குச் சொல்ல எனக்கு என்ன தைரியம்? உண்மையாக இருந்தவர் என் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது.

ஒரு நாள் நானே அவரிடம், "வேலைய விட்டதோட ஆச்சா? அங்கன இன்னும் அம்புட்டுப் பேரையும் அடைச்சு வச்சுத்தானே வேலை நடக்குது. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயி ஒரு மனுக் குடுங்க" என்றேன். அக்கறையில் சொன்னேனா, குத்திக்காட்டச் சொன்னேனா என்று இப்போதும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. இப்படியே விட்டால் ஒரு நாள் பெரிதாக வெடிக்கும் என்று எழுதி, அவர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். வருகிற செய்தி எப்படியோ முன்னாலேயே தெரிந்து, கம்பெனியில் கூடுதல் ஆட்களை அந்த வாரம் முழுக்க வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் பார்த்தபோது அறைக்கு நான்கு பேர்தான் இருந்தார்கள். மரத்தடி கூட்டிச் சுத்தமாக இருந்தது. அவர்கள் போனதும் எல்லாம் பழையபடி ஆனது. மனுக் கொடுத்தது யார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

எங்கள் தெருவிலேயே, எங்கள் சபையிலேயே ஒரு பெண் அந்தக் கம்பெனியில் மருந்து அடைக்கிறாள். புருஷன் இல்லை. மகள் மதுரையில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். என் கணவரை அண்ணே என்பாள், என்னை மதினி என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். அலுமினியப் பவுடர் படிந்த அவள் கை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளி மினுங்கும். அந்த வாரம் அவளுக்கும் வேலை இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் நான்தான் போய்ப் பேசினேன்.

"என்ன, இந்தப் பக்கம் வரவே இல்ல?"

அவள் நிமிரவில்லை. "மதினி, அண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சாரு. எனக்கும் அது தெரியும். ஆனா அண்ணன் சொன்னது மெய்யாகணும்னா அங்கன வெடிக்கணும். நான் அந்த ரூமுக்குள்ளதான் உக்காந்திருக்கேன். வெடிச்சாத்தானே உங்க வீட்டுல இருக்கவரு நல்லவருன்னு ஊரு சொல்லும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அச்சகத்தில் காலண்டர் அட்டையைத் தலைகீழாக வைத்துப் பின் அடித்தேன். சூப்பர்வைசர் திட்டினார். தூரத்தில் லாரி டயர் வெடித்தாலும் உடம்பு தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸ் போனால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வாசலுக்கு ஓடினேன். பார்த்துவிட்டு, நான் எதை எதிர்பார்த்து ஓடினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்லப் பயமாக இருந்தது. ஜெபம் பண்ண முட்டிபோட்டால், என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட உட்காரும் நேரத்தில் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. இரண்டு பேரும் வெளியே வந்து பார்த்தோம். கம்பெனி இருக்கிற திசையில் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அவர் வண்டியை எடுத்தார். நான் கதவைக்கூடச் சாத்தாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கரிசல் காட்டுக்கு நடுவே போகிற அந்த ரோட்டில் அவர் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. காற்று இரைச்சலில் முதலில் எனக்குக் கேட்கவில்லை. முதுகில் சாய்ந்தபோதுதான் அவர் வாய்விட்டு ஜெபம் பண்ணுவது கேட்டது.

"ஆண்டவரே, நான் சொன்னது நடக்காமப் போகட்டும். நான் சொன்னது பொய்யாப் போகட்டும். எம்மேல எம்புட்டுப் பழி வந்தாலும் வரட்டும். அந்தப் பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒன்னும் ஆகக் கூடாது. என்னைப் பொய்யனாக்கிரும் ஆண்டவரே."

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார். வேலையை விட்ட நாளிலிருந்து அவர் முகத்தில் நான் நிம்மதி என்று நினைத்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. இந்த மனிதர் இத்தனை நாளும் ராத்திரி பகலாக இந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் எரிச்சலில் அதைப் பார்க்கவே இல்லை.

புகை கம்பெனிக்குள்ளிருந்து வரவில்லை. அதற்கும் தள்ளி, கழிவு மருந்தையும் பேப்பர் குப்பையையும் கொட்டுகிற தரிசுக் காட்டில் தீப்பிடித்து வெடித்திருந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. சத்தம் கேட்டு அறைகளிலிருந்து ஓடிவந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே வேலியோரம் நின்றிருந்தார்கள். சிலர் வெறுங்காலோடு நின்றார்கள். ஒருத்தி மூச்சு வாங்கக் குனிந்து நின்றாள். நெரிசலில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டவர்கள் உண்டு. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

என் கணவர் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் என்னிடம் விட்டுவிட்டு அவர்களிடம் ஓடினார்.

"எல்லாரும் வெளிய வந்துட்டீகளா? உள்ள யாரும் இருக்காகளா?"

"யாரும் இல்லண்ணே. வந்துட்டோம்" என்று யாரோ சொன்னார்கள்.

அவர் அப்படியே ரோட்டோரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது மட்டும்தான்.

மேனேஜர் கேட்டிலிருந்து வந்தார். "நீங்க எதுக்கு வந்தீக? வீடியோ எடுக்கவா?" என்று கேட்டார்.

என் கணவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இல்ல சார். சும்மா பாக்கத்தான் வந்தேன். எல்லாரும் நல்லாருக்காக. போயிருதேன்" என்றார். எனக்கு வாயில் என்னென்னவோ வந்தது. அவரே எதிர்த்துப் பேசாத இடத்தில் நான் என்ன பேசுவது? வண்டியைத் திருப்பும்போது எங்கள் தெருப் பெண் கூட்டத்திலிருந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

அடுத்த வாரம் பெண்கள் கூட்டம். எழுதி வைத்திருந்ததை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். பாட்டு முடிந்து என்னை அழைத்தார்கள். எங்கள் தெருப் பெண் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"தேவன் என்னென்ன குணத்தைத் தேடுறாருன்னு நானும் தேடிப் பாத்தேன்" என்று ஆரம்பித்தேன். "உண்மை, பொறுமை எல்லாம் நமக்கு மனப்பாடம். எனக்குப் பொறுமை கிடையாது, அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஒன்னே ஒன்ன மட்டும் கண்ணால பாத்தேன். தான் சொன்னதுதான் சரின்னு ஒரு மனுசருக்கு நல்லாத் தெரியும். அதுக்காக உள்ளதையும் இழந்துட்டாரு. அப்பவும், தான் சொன்னது பொய்யாப் போகட்டும், மத்தவுக உசுரோட இருக்கட்டும்னு அழுது ஜெபிச்சாரு. எனக்கு அந்த மனசு இல்ல. அந்த மனசு வேணும்னு கேக்கேன். அம்புட்டுத்தான்."

உட்கார்ந்துவிட்டேன். குருவானவரின் மனைவி என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தார். இது என்ன செய்தி, ஒரு வசனம்கூட வாசிக்கவில்லையே, வீட்டுக்காரரைப் பற்றிப் பெருமை பேசத்தானா மேடை என்று சிலர் பேசிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

கூட்டம் முடிந்து அவள் என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தாள். பிரியும் இடத்தில், "நான் திங்கக்கிழமையும் அதே ரூமுக்குத்தான் போகணும் மதினி. இப்பவும் ஆறு பேரு" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்தத் தீபாவளி நல்லபடியாகப் போனது. அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகு ஒரு சின்னக் காயம்கூட இல்லை. எல்லோருக்கும் போனஸ் கொடுத்தார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு கறி வாசனை வந்தது. ஊரில் சிலர் என் கணவரைப் பார்த்து, "என்னமோ பெருசா வெடிக்கும்னீக?" என்று சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் ஜெபத்தில் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. எனக்கோ சந்தோஷமும் வந்தது, ஊர் முன்னால் அவர் பொய்யராகிவிட்டாரே என்று வருத்தமாகவும் இருந்தது. கடவுள் இப்படித்தான் பதில் கொடுப்பார் என்றால், அவரிடம் கேட்பதற்கே தனித் தைரியம் வேண்டும்.

பிறகு எங்கள் அச்சகத்திலேயே லோடு வண்டி ஓட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. காலண்டர் கட்டுகளை மல்லாங்கிணறு, விருதுநகர் என்று கடை கடையாக இறக்குகிறார். முந்திய வருமானம் இல்லை. மகன் சாயங்காலத்தில் ஒரு செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறான். காலையில் வண்டி எடுக்கும் முன் அவர் பண்ணுகிற ஜெபத்தில் எங்கள் பெயருக்கும் முன்னால் அந்தக் கம்பெனி வந்துவிடும். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இந்த வருஷம் சீசன் தொடங்கும் முன் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். புதிதாக வந்த போர்மேன் நிலைக்கவில்லையாம். என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"அறைக்கு நாலு பேருதான்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். சீசன் வரட்டும், பாத்துக்கிடலாம்னாக. வந்துட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் இந்த முறை நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கவில்லை. சோறு போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை கம்பெனி வேனுக்காகத் தெருமுனையில் நின்ற எங்கள் தெருப் பெண் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"அண்ணன் திரும்ப வாராகன்னு சொன்னாகளே, மெய்தானா?"

"இல்ல. பேசிப் பாத்தாரு, ஒத்து வரல."

வேன் வந்து ஹாரன் அடித்தது.

"வந்தா நல்லாருக்கும் மதினி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.