ஏழாவது நரம்பும் என் நெற்றிச் சுருக்கமும்

பழனிசெட்டிபட்டியில் ஃப்ளெக்ஸ் டிசைன் போடுகிறவன் நான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். வந்த முகத்தை வந்தபடியே அனுப்பினால் கடையை மூட வேண்டியதுதான். செத்தவருக்கே பத்து வயதைக் குறைத்து, கன்னத்தில் கொஞ்சம் ரோஸ் போட்டுத்தான் அனுப்புவேன்.

அப்படிப்பட்டவனிடம் மருத்துவக் கல்லூரி மேடம் ஒருவர் வந்தார். மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு நரம்புகளையும் மாணவர்களுக்குப் பெரிய படங்களாக வரைய வேண்டுமாம். முதலில் ஏழாவதை வரையுங்கள், சரியாக இருந்தால் மீதியும் உங்களுக்கே என்றார். முகத்தை ஆட்டிவைக்கிற நரம்பு அது. கெட்டுப்போனால் அந்தப் பக்கத்துக் கண் மூடாது, வாய் கோணிக்கொள்ளும்.

கோணல் வாய்க்கு யார் போஸ் கொடுப்பார்கள்? கேட்ட இரண்டு பேரும் என்னை விரோதி மாதிரி பார்த்தார்கள். கடைசியில் என் போட்டோவையே கோணலாக்கினேன்.

வீட்டில் அதை ஃபோனில் பார்த்த மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்களுக்கு வேற மொகமே கெடைக்கலயா? எங்கப்பா இந்த மொகத்த வச்சுக்கிட்டு ஆறு மாசம் வெளிய வராம கெடந்தாக. வெளாட்டுக்குக்கூட இப்படிச் செய்யாதீக."

முகவாதம் வந்த அவருக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டவள் இவள்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மீதிப் பதினோரு நரம்பும் என் கண்ணை மறைத்தன.

மேடம் படத்தையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நரம்பெல்லாம் அருமையா இருக்கு. நெத்திச் சுருக்கத்த என்னண்ணே செஞ்சீக?"

"எடுத்துட்டேன் மேடம். அம்பது வயசு தெரியக் கூடாதுல்ல."

"அதுதாண்ணே பாடமே."

புருவத்தைத் தூக்கச் சொன்னால், கெட்ட பக்கத்து நெற்றி வழுவழுவென்று கிடக்கும், நல்ல பக்கம் மட்டும் சுருங்கும். அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். நானோ இரண்டு பக்கத்தையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். என்னை நம்பிப் படித்த மாணவன் நல்ல பக்கத்துக்கும் வைத்தியம் பார்த்திருப்பான்.

அங்கேயே உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, நல்ல பக்கத்துச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். மீதி நரம்புகளும் எனக்கே கிடைத்தன. வீட்டில் இந்தக் கூத்தைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கையில் கொடுக்காமல் எதிரே நின்றாள்.

"புருவத்தத் தூக்குங்க."

தூக்கினேன். நெற்றியின் இரண்டு பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் சுருங்குது," என்று டம்ளரை நீட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் நெற்றியைக் காட்டினால்தான் காபி.