நாற்பது வருட நடிகருக்கு மொன்றியல் தந்த வேடம்

இன்று ஒரு தொலைக்காட்சித் தொடரில் துணை நடிகனாக நின்றேன்.

சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் இருந்த சீன முதியவர் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பேசினார். சீனாவில் நாற்பது வருடம் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடித்தவராம். கைப்பேசியில் படங்களைக் காட்டினார். ஒன்றில் தளபதி, இன்னொன்றில் நீதிபதி.

"இங்கே?" என்றேன்.

"நான்கு முறை செத்திருக்கிறேன். வசனம் தரவில்லை."

இன்றும் பிணம்தான். படப்பிடிப்பில் உதவி இயக்குநர் வியந்தாள்: "நன்றாகச் செய்கிறாரே, முன்பு நடித்திருக்கிறாரா?"

கேட்டும் அவர் கண் திறக்கவில்லை.

வீட்டில் மனைவி கேட்டாள்: "உங்களுக்கு என்ன வேசம் தந்தவை?"

"டாக்சி டிரைவர்."

"அதைத்தானே ஒவ்வொரு நாளும் செய்யிறியள். அதுக்கேன் லீவு எடுத்தனீங்கள்?"

நண்பர்களே, இந்த ஊர் உங்களுக்கு என்ன வேடம் தந்திருக்கிறது?