அறுபத்தைந்தரைக்குக் கீழே

இந்த அணி ஜெயிக்கும், அந்த அணி தோற்கும் என்று சுப்பராயலு ஒருநாளும் பந்தயம் கட்டியதில்லை. கட்ட வழியும் இல்லை. டிவியில் கபடி லீக் ஓடும் மாதங்களில் அவரும் மச்சான் ராஜ்கமலும் தமிழ்நாட்டு அணிக்கே கட்சி. ஒரே கட்சிக்காரர்கள் எதிரெதிராக எப்படிப் பந்தயம் கட்டுவது? அதற்கு வழி கண்டுபிடித்தவன் ராஜ்கமல்தான். யார் ஜெயித்தால் என்ன, இரண்டு அணியும் எடுக்கிற புள்ளிகளைக் கூட்டு. சொன்ன எண்ணுக்கு மேலே போகுமா, கீழே நிற்குமா? சரியாக அதே எண் வந்து சண்டையாகிவிடக் கூடாதென்று, எண்ணோடு ஓர் அரையையும் ஒட்டவைத்துவிடுவான்.

“அரை பாயிண்டு எந்த ஊரு கபடியில இருக்கு மச்சான்?” என்று ஆரம்பத்தில் சுப்பராயலு மல்லுக்கு நின்றார்.

“கபடியில இல்ல மாமா, பந்தயத்துல இருக்கு” என்றான் அவன். சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருப்பான்.

சுப்பராயலுவுக்கு முதுநகரில் பைக் சீட் கவர் தைக்கும் கடை. இளவட்டத்தில் கபடியில் நன்றாகப் பாடிப் போனவர்தான். முட்டி விலகியதோடு ஆட்டம் நின்றது, பைத்தியம் நிற்கவில்லை. அவர் மனைவி தில்லையம்மாள் ராஜ்கமலின் அக்கா. காசு வைத்து ஆடினால் புருஷனென்றும் தம்பியென்றும் பார்க்க மாட்டாள், இரண்டு பேருக்கும் சோறு கிடையாது. அதனால் தோற்றவர் பரோட்டா வாங்கித் தர வேண்டும், மீசையை எடுக்க வேண்டும் என்று பந்தயம் வேறு வழியில் வளர்ந்தது. காசு இல்லாததால் இதைச் சூதாட்டம் என்று சுப்பராயலு நினைக்கவே இல்லை. இந்த மாதிரி ஆசாமிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதனால்தான் மகள் வினோதினியைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள், “வீட்ல ஆட்டம், சூதாட்டம்னு எதுனா உண்டாண்ணே? குடிச்சாகூட பொறுத்துக்குவோம், இது மட்டும் ஆகாது” என்று கேட்டபோது, “சேச்சே” என்று தலையை ஆட்டினார். மனதறிந்து பொய் சொல்லவில்லை. மாப்பிள்ளை இளவரசு மருந்துக்கடை வைத்திருந்தான். வினோதினிக்கு அவனைப் பிடித்துப்போய், ஒரு வாரத்திலேயே போனும் கையுமாக ஆகிவிட்டாள். பூ வைக்க நாள் பார்ப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் ராஜ்கமல் அந்தப் பந்தயத்தைக் கொண்டுவந்தான். அறுபத்தைந்தரை. தோற்றவர் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் மொட்டை போட வேண்டும். சுப்பராயலுவுக்கு ஐம்பது தாண்டியும் சுருள் சுருளாக அடர்ந்த முடி, அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அதைத் தெரிந்தே கேட்டான், கடன்காரன். இரண்டு அணியிலும் பிடிக்கிறவர்கள் கெட்டி, புள்ளி ஏறாது என்று கணக்குப் போட்டு, “கீழ” என்றார் சுப்பராயலு.

கணக்கு தப்பவில்லை. கடைசி ரெய்டுக்கு முன்னால் கூட்டுத்தொகை சரியாக அறுபத்தைந்து. பாடப் போகிறவன் நம் அணிப் பையன், நம் அணி ஏற்கெனவே முன்னால் நிற்கிறது. இந்த நிலையில் மூளையுள்ள எவனும் நடுக்கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்து, நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுவான். இந்தப் பையனோ துள்ளிப் போய் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி எடுத்துவிட்டு வந்தான். அறுபத்தாறு! தமிழ்நாடு ஜெயித்தது. சுப்பராயலு சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் திருவந்திபுரம் போனார்கள். ராஜ்கமல் மொட்டை போடுவதை முதலிலிருந்து கடைசிவரை போனில் படம் பிடித்தான். தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு வெளியே வந்தால், முகூர்த்த நாள், கோயில் மலைப் பக்கமெல்லாம் கல்யாணக் கூட்டம். கூட்டத்துக்குள்ளிருந்து பட்டுப்புடவையில் ரத்தினம்மாள் வந்தாள், பின்னாலேயே அவள் புருஷன் ராஜாமணி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

“அண்ணே, நீங்களா! அடையாளமே தெரியலயே. பொண்ணுக்கு வேண்டிக்கிட்டு முடி குடுத்தீங்களா?”

சுப்பராயலு வாயைத் திறப்பதற்குள், “ஆமாங்கக்கா, எங்க மாமா அப்பிடித்தான்” என்றான் ராஜ்கமல்.

ரத்தினம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க பெரியவன் போன்ல ஆடி ஆடி இருந்த கடைய முழுங்கிட்டாண்ணே. சின்னவனுக்காவது நல்ல வீடா அமையணும்னு இதே பெருமாள்கிட்டதான் அழுதேன்.”

விடாமல் கல்யாணப் பந்திக்கு இழுத்துப்போனாள். “எங்க சம்பந்தி, பொண்ணுக்காக மொட்டை போட்டிருக்காரு” என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரு பெரியவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவமானத்தில் சுப்பராயலுவின் மொட்டைத் தலை சுட்டது. இந்தப் பொய்யின் மேல் மகளை வாழ அனுப்புவதா என்ற எண்ணம் வந்தபின் அவரால் இலை முன்னால் உட்கார முடியவில்லை. கை கழுவும் இடத்தில் ரத்தினம்மாள் தனியாக நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் போனார்.

“தங்கச்சி, இது வேண்டுதல் இல்லம்மா. கபடியில எத்தினி பாயிண்டு வரும்னு மச்சாங்கிட்ட பந்தயம் கட்டித் தோத்துட்டேன்.”

அவள் அவர் தலையைப் பார்த்தாள். “காசு வெச்சா?”

“பத்து பைசா கை மாறலம்மா.”

“எங்க பெரியவனும் மொதல்ல காசு வெச்சு ஆடல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டில் தில்லையம்மாள் தம்பியைப் போனிலும் புருஷனை நேரிலும் வெளுத்து வாங்கினாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். வினோதினி முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டுப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இளவரசுவிடமிருந்து வரும் போனும் நின்றிருந்தது. உண்மையைச் சொன்னது தப்போ என்றுகூட ஒருநாள் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

பிறகு ராஜாமணி கூப்பிட்டார். “உங்க முடி வளரட்டுங்குறா எங்க வீட்டுக்காரி. அது வரைக்கும் நீங்க பந்தயம் கட்டாம இருந்தா பூ வைக்க வர்றோம். வேவு பாக்க யாரும் வரப் போறதில்ல. நீங்க சொல்றதுதான்.”

இதிலென்ன கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தார். ராஜ்கமலிடம் இனிமேல் பந்தயப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார், அவனும் கேட்கவில்லை. ஆனால் டிவியில் ஆட்டம் தொடங்கியதும் மனதுக்குள் ஓர் எண் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே என்றது, கீழே என்றது. யாரிடமும் சொல்லாமலே ஜெயித்தார், தோற்றார், தோற்றால் தூக்கம் கெட்டது. எதிரில் ஆளும் இல்லை, பந்தயப் பொருளும் இல்லை, ஆனாலும் நிற்கவில்லை. ரத்தினம்மாளின் பெரிய மகனை நினைத்து அவருக்குப் பயமாக இருந்தது. இதே மாதிரி ஒரு சோபாவில் அவனும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கடைக்குப் போய் தையல் மிஷினை மிதித்தார்.

தலையில் சீப்பு நிற்கும் அளவுக்கு முடி வளர்ந்ததும் தகவல் அனுப்பினார். ஒரு ஞாயிறு சாயங்காலம் தட்டும் பூவுமாக வந்தார்கள். “கட்டினீங்களாண்ணே?” என்று ரத்தினம்மாள் வாசலிலேயே கேட்டாள். “கட்டலம்மா” என்றார். அவள் தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் டிவியைப் போட்டுவிட்டார்கள், கபடி ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாதி முடிந்திருந்தது. வினோதினி மனையில் உட்கார்ந்திருந்தாள். ரத்தினம்மாள் பூச்சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ராஜாமணி திரையைப் பார்த்தபடியே சாதாரணமாகக் கேட்டார். “செம ஆட்டமா போவுது. மொத்தம் எவ்ளோ வரும் சம்பந்தி?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. தில்லையம்மாள் காபித் தம்ளரோடு அப்படியே நின்றாள். ரத்தினம்மாளின் கை பூவோடு நின்றது.

சுப்பராயலு திரையைப் பார்த்தார். ஒரு பக்கம் பத்தொன்பது, மறுபக்கம் இருபத்தொன்று. எண் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எனக்குத் தெரியலங்க” என்றார்.

கபடியைப் பற்றித் தெரியாது என்று அப்பா சொல்லி வினோதினி கேட்டதே இல்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து, காபி ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே தில்லையம்மாளிடமிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டார். அதில் கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

“நேரா உக்காரும்மா” என்று வினோதினியின் முகத்தைத் திருப்பி, ரத்தினம்மாள் பூவை வைத்தாள்.