நாலாம் மாடிக்கு வந்த கிழங்கு

என் தம்பியைப் பூட்டு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நகரத்து ஓரத்தில் உருளைக்கிழங்கு வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறான். கதவைப் பூட்டியபின் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டான். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டருமாகத் தெருவில் வருவான். புதிதாகக் குடிவந்தவர்கள் பயந்து பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கட்டிய மூட்டையின் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சி, உள்ளே ஒரு கிழங்கு அழுகியிருக்கிறது என்பான். பிரித்துப் பார்த்தால் இருக்கும். அவன் மனைவி மட்டும் மெச்ச மாட்டாள். "இந்த மூக்குக்கு வீட்டுல பால் அடிப்பிடிச்சது தெரியாது" என்பாள்.

அவள் கிடங்குக்கு எதிரே சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள். ரொட்டியும் கிழங்குக் கறியும், அவ்வளவுதான். பக்கத்தில் கூரை ஓடு சுடும் கம்பெனி ஆட்கள் மத்தியானம் வந்து சாப்பிடுவார்கள்.

போன வருடம் அந்தக் கடைக்கு ஆபத்து வந்தது. கிழங்கு விலை ஏறிக்கொண்டே போனது. விளைச்சல் குறைவா என்றால் அதுவும் இல்லை, கிடங்கில் கூரை முட்ட மூட்டைகள். விஷயம் வேறு. கிடங்கில் உள்ள ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டு யார் கையிலோ, கிழங்கு அவருடையது. அந்தச் சீட்டை நகரத்தில் ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு ஏற்றி விற்பார், அவர் அடுத்தவருக்கு விற்பார். கிழங்கு இருந்த இடத்திலேயே குளிரில் தூங்கும். விலை மட்டும் ஊரைச் சுற்றிக் கொழுத்துக்கொண்டு வரும். தூங்குகிற கிழங்குக்காக ஜெனரேட்டர் இராப்பகலாய் டீசல் குடித்தது. டீசலுக்கும் இதே மாதிரி சீட்டு உண்டென்று லாரிக்காரர் சொன்னார். படித்தவர்கள் இதற்கெல்லாம் நீளமாக விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும். கிழங்கைக் கண்ணால் பார்க்காதவன் கிழங்கு விலையை ஏற்றினால் அது தப்புதான், நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

தம்பி மனைவி ஒருநாள் கரண்டியும் கையுமாக என்னிடம் புலம்பினாள்.

"அண்ணி, கேஸ் ஏறுச்சு, கிழங்கு ஏறுச்சு, நானும் ஏத்தினேன். பாதிப் பேரு வீட்டுலேருந்து டப்பா கட்டிட்டு வர்றாங்க. இன்னொரு தடவ ஏத்தினா நானும் உங்க தம்பியும்தான் உக்காந்து சாப்பிடணும். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கடைய மூடிட வேண்டியதுதான்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கிழங்கெல்லாம் பத்திரமா இருக்குன்னாரு."

அந்த மாதத்தின் நடுவில் சந்தையைக் கண்காணிக்கிற அரசாங்க ஆபீசிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஒரு ஆள் இத்தனை சீட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சீட்டில் போட்டிருக்கும் கெடு நாளில் அது யார் கையில் இருக்கிறதோ, அவர் கிழங்கை எடுத்தே ஆக வேண்டும். அடுத்த மாதத்துக்குத் தள்ளக் கூடாது. மத்தியானத்துக்குள் வரவில்லையென்றால், சீட்டில் உள்ள விலாசத்துக்கு அவர் செலவிலேயே கிடங்கு அனுப்பிவிட வேண்டும். தம்பி இதைக் கதவில் ஒட்டி, மனப்பாடமும் செய்துவிட்டான்.

அந்த மாதச் சீட்டுகளின் கெடு நாள் வந்தது. விவரமானவர்கள் முன்பே விற்றுவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் உத்தரவைப் படிக்கவில்லை. தம்பி அவருக்குப் போன் போட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சார், உங்க பேர்ல ரெண்டு லாரி கிழங்கு இருக்கு. எப்ப வர்றீங்க?"

"நான் எதுக்குப்பா வரணும்? வழக்கம்போல அடுத்த மாசத்துக்கு மாத்திடு."

"இனிமே மாத்த முடியாது சார். கதவுல ஒட்டியிருக்கோம்."

"உன் கதவ நான் எங்கய்யா பாத்தேன்? விலாசம் கிடைக்கலன்னு எழுதிடு. உன்ன நான் கவனிச்சுக்கறேன்."

தம்பி குல்லாயைச் சரிசெய்துகொண்டான். "விலாசம் தெளிவா இருக்கு சார். நாலாம் மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு. லிஃப்ட் வேலை செய்யுதுல்ல சார்?"

அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

மத்தியானம் வரை அவர் வரவில்லை; தம்பி இரண்டு லாரியிலும் மூட்டைகளை ஏற்றினான். லாரியில் இடமில்லை என்று அவன் சொல்வதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை போனேன். லிஃப்டில் ஒரு தடவைக்கு மூன்று மூட்டையும் ஒரு சுமைக்காரரும்தான் போக முடியும். எட்டாவது தடவையில் அந்த வீட்டுக் கூடத்தில் சோபாவைக் காணவில்லை. நாலாம் மாடிக்காரர் அரைக்கால் சட்டையோடு மூட்டைகளுக்கு நடுவில் நின்றார்.

"ஏங்க, கம்ப்யூட்டர்லதான வேலைன்னு சொன்னீங்க?" என்றாள் அவர் மனைவி.

"இது வெறும் நம்பர்மா."

"நம்பர்ல மண்ணு ஒட்டியிருக்கே."

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, தன் வீட்டு ஃபேன் ஆடுகிறது என்றார். சுத்தாமலே ஆடுகிறதாம்.

நாலாம் மாடிக்காரர் தம்பியின் கையைப் பிடித்தார். "திருப்பி எடுத்துட்டுப் போயிடுய்யா."

"அந்த இடத்துல வேற கிழங்கு வந்தாச்சு சார். வெளிய வந்துட்டா இதுக்கு வேர்க்கும். அப்புறம் முளை விடும். இன்னும் ஒரு லாரி கீழ நிக்குது."

வேறு வழியில்லாமல் அவர் தெருவிலேயே, லாரியின் பின்கதவைத் திறந்துபோட்டு விற்கத் தொடங்கினார். தராசைக் கண்டதும் தெருவே கூடிவிட்டது. முதல் ஆளாகக் கைவண்டியோடு வந்து நின்றவள் யார்? என் தம்பி மனைவிதான். லாரி கிளம்பியதுமே பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இது முளைக்கப்போற கிழங்கு சார். பாத்துப் போட்டுக் குடுங்க."

"இப்பதானேம்மா வந்துச்சு?"

"கிடங்குக்காரரே சொல்லிட்டாரே."

மூட்டையைத் தூக்கிவிடச் சொல்லிக் கிடங்குக்காரரைக் கூப்பிட்டாள். டூட்டியில் இருக்கிறேன் என்று அவன் திரும்பிக்கொண்டான். அவளும் நானும்தான் வண்டியைத் தள்ளினோம். வழி நெடுக அவள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்; நான் தடுக்கவில்லை.

சோபா புதைந்த கதை நகரம் முழுக்கப் பரவியது. அடுத்த மாதச் சீட்டு வைத்திருந்தவர்கள் தங்கள் வீட்டு லிஃப்டை நினைத்துப் பயந்து, அவசர அவசரமாகக் கிழங்கை எடுத்து விற்றார்கள். கிடங்கிலிருந்து லாரிகள் வரிசையாகக் கிளம்பின. ஒரு வாரத்தில் கிழங்கு பழைய விலைக்கு வந்துவிட்டது.

மாதக் கடைசியில் நான் கடைக்குப் போனேன். பெஞ்சில் இடமில்லை. ஓட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் தட்டை நீட்டினார்.

"கிழங்கு இறங்கிடுச்சேக்கா, பழைய விலைக்கே குடுக்கலாமே?"

"கிழங்குக்கு ஏத்தினத இறக்கிட்டேன். கேஸுக்கு ஏத்தினது அப்படியேதான் இருக்கும். கேஸுக்கும் எவனாவது சீட்டு வச்சிருப்பான். இதோ உக்காந்திருக்காரே, இவர அனுப்பி வையுங்க."

தம்பி ரொட்டியைப் பிய்த்தபடி நிமிர்ந்து பார்த்தான். "அது என் கிடங்குல இல்ல" என்றான்.

"அப்ப சீக்கிரம் சாப்பிட்டு எந்திரிங்க. ஆளுங்க நிக்கிறாங்க."