பெல்ஃபாஸ்ட், இங்கிலாந்து

என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ‘பெல்ஃபாஸ்ட், இங்கிலாந்து’ என்று இருந்தது. அதில் பிழை இருக்கிறதென்று இருபத்தைந்து வயதுவரை எனக்குத் தெரியாது. அப்பா அறுவை சிகிச்சை மேல்படிப்புக்காக அந்த ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது பிறந்தவள் நான். ஆறு மாதக் குழந்தையாக ஈரோட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு நான் ‘லண்டன்ல பொறந்த புள்ள’. அப்பா அதைத் திருத்தியதே இல்லை.

கல்யாணமாகி அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்தபோது, கணவருக்கு ஹெச்-1 வேலை விசாவில் நான்காவது வருஷம். ஆறு வருஷம் முடிந்தால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு கம்பெனி கிடைத்தது, ஆனால் வரிசை முதலிலிருந்து தொடங்கியது. இரவுச் சாப்பாட்டின்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்.

அபார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை. அங்கே சனிக்கிழமைகளில் ஒரு பெண்மணியைப் பார்ப்பேன். ஐம்பது வயதிருக்கும். அவள் பேச்சு அமெரிக்கப் பேச்சாக இல்லை, இங்கிலாந்துக்காரி என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பேச்சுவாக்கில், நானும் இங்கிலாந்தில்தான் பிறந்தேன், பெல்ஃபாஸ்டில் என்றேன். மடித்துக்கொண்டிருந்த படுக்கைவிரிப்பைக் கீழே வைத்தாள்.

“பெல்ஃபாஸ்ட் இங்கிலாந்தில் இல்லை. என்னிடம் சொன்னது பரவாயில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் சொல்லாதே.”

அவளும் அதே ஊர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தது கிரேட் பிரிட்டன், அதோடு வட அயர்லாந்தும் சேர்ந்தால்தான் யுனைடெட் கிங்டம் என்றாள். அப்படியானால் நீங்கள் பிரிட்டிஷா, ஐரிஷா என்று கேட்டேன்.

“என் அம்மா ஒன்று சொல்வாள். என் கணவர் இன்னொன்று சொல்வார். இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கிறேன். யார் முன்னால் நிற்கிறேன் என்று பார்த்துத்தான் எடுப்பேன்.”

பிறகு, எந்த மருத்துவமனையில் பிறந்தாய், அப்பா எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று விசாரித்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. எங்கள் ஊரிலும் புதிதாக வந்தவரிடம் எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள். கேட்பது தெருவைப் பற்றியல்ல என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

போகும்போது அவள் சொன்ன விஷயம்தான் எங்கள் வாழ்க்கையை மாற்றியது. வருஷாவருஷம் அமெரிக்கா கிரீன் கார்டுக்கு நடத்தும் விசா குலுக்கலில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமில்லை, பிரிட்டனில் பிறந்தவர்களுக்கும் இல்லை, ஆனால் வட அயர்லாந்தைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அவள் தம்பி அப்படித்தான் வந்தானாம்.

கணவர் விதிமுறைகளை மூன்று முறை படித்தார். “நீ பொறந்த ஊர் போதும். உன் பேர்ல விழுந்தா எனக்கும் சேர்த்துத்தான்” என்றார். அவர் சிரித்தார். நான் என் பேரில் மனுவை நிரப்பினேன். என் நினைவில் இல்லாத ஒரு ஊரை நம்பி இரண்டு பேர் நிற்கப்போகிறோம்.

அடுத்த கோடையில் தேர்வுக் கடிதம் வந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டு அப்பாவுக்கு போன் செய்தேன்.

“எதுக்கு கண்ணு அது?”

சொன்னேன். அப்பா அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார்.

“நீ பொறந்த நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ரோட்டுல பாம் வெடிச்சுது. சன்னல் கண்ணாடி பூரா உங்கம்மா கட்டில் மேல. பால் குடுக்க உன்னைய எடுத்துக்கிட்டு அப்பத்தான் கட்டிலை விட்டு எந்திரிச்சுப் போயிருந்தா. அடிபட்டு வந்தவங்களுக்கு நாந்தான் தையல் போட்டேன். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட்னு ஊரே ரெண்டா நின்ன காலம், போடறப்பவே ஒருத்தன் கேட்டான், நீ யாரு பக்கம்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தையல் போட்டு முடிச்சேன். அதுக்கப்புறம் அந்த வார்டுக்குள்ள போகவே முடியல. படிப்பை முடிக்காமயே வந்துட்டேன். லண்டன்னு சொன்னா யாரும் மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அப்பாவின் பெயர்ப்பலகையில் மற்ற சர்ஜன்களுக்கு இருந்த வெளிநாட்டுப் பட்டம் இல்லாதது ஏன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சான்றிதழைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். வட அயர்லாந்து என்று அச்சிட்டிருந்தது.

குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணலுக்கு மறு வருஷம் ஆகஸ்டில்தான் அழைத்தார்கள். கணவருக்கு விசா மூன்று மாதம் பாக்கி. குலுக்கலுக்கோ செப்டம்பர் முப்பது கடைசி, ஒருநாள் தாண்டினாலும் செல்லாது. அதிகாரி என் ஃபைலிலிருந்து மூன்று தாள்களை உருவி வரிசையாக வைத்தார். சென்னையில் நான் நிரப்பிய விசா படிவத்தில் இங்கிலாந்து. விசா நீட்டிப்புக்குக் கணவர் நிரப்பியதில் கிரேட் பிரிட்டன். குலுக்கல் மனுவில் வட அயர்லாந்து.

“நீங்கள் எத்தனை நாடுகளில் பிறந்தீர்கள்?”

குரலில் கேலி இல்லை. உண்மையாகவே பதிலை எதிர்பார்த்தார். எல்லாம் ஒரே ஊர்தான் என்று விளக்கினேன். இலாபம் வரும்போது மட்டும் நாடு மாறுகிறதே என்றார். அடுத்து, “நீங்கள் பிரிட்டிஷ் குடிமகளா?” என்றார்.

“இல்லை.”

“அங்கே பிறந்திருக்கிறீர்கள். இல்லையென்று எப்படித் தெரியும்?”

அந்தக் காலத்தில் அங்கே பிறந்தால் குடியுரிமை உண்டா, இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியதே தவறா, வேறு குடியுரிமை இல்லை என்று எத்தனை தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று மனம் ஓடியது. பொய்த் தகவல் என்று எழுதிவிட்டால் இந்த நாட்டுக்குள் மறுபடி வரவே முடியாது. கணவர் வாயைத் திறந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். விசாரித்துச் சொல்கிறோம் என்று பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் முழுவதும் கடிதமில்லை. கணவர் இருபது பவுண்டு மூட்டைக்குப் பதிலாக ஐந்து பவுண்டு பைகளில் அரிசி வாங்க ஆரம்பித்தார். காரை விற்க ஆள் பார்த்தார். தபால்பெட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன், ஆனால் திறக்க அவரை அனுப்பினேன். சனிக்கிழமைகளில் கீழே போவதை நிறுத்திவிட்டேன். அவளைப் பார்த்தால் நடந்ததைக் கேட்பாள், நான் அழுதுவிடுவேன் என்று பயம்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது நேரில் வரச் சொல்லி போனில் கூப்பிட்டார்கள். அதே அதிகாரி. சான்றிதழ் சரியாக இருக்கிறது, மற்றவை அறியாமல் எழுதியது என்று ஏற்றுக்கொள்கிறேன் என்றார். இருவர் பாஸ்போர்ட்டிலும் கிரீன் கார்டு முத்திரை குத்தினார். பிரிட்டிஷ் குடியுரிமை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

காரில் உட்கார்ந்ததும் கணவர், “முடிஞ்சுது, இனிமே டென்ஷன் இல்ல” என்றார். அதற்குப் பிறகு பல வருஷங்கள் எந்தப் படிவத்தையும் நான் தனியாக நிரப்பவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் சத்தமாகப் படிக்க வேண்டும்.

மறு வருஷம் அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க வந்தார்கள். லண்டன் வழியாக டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. விமானத்தை விட்டு இறங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தால் போதும் என்று சொன்னேன். அந்த நாட்டு மண்ணில் இறங்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, கால் வீங்கி வந்து இறங்கினார்.