உருண்டையா, நீட்டமா

என் ஆய்வேட்டை மதிப்பிட்ட பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்: "இந்த அணுக்கரு உருண்டைதான். நீளம் என்பதற்கு ஆதாரம் போதாது. மூன்றாம் அத்தியாயத்தை நீக்கவும்." அந்த அத்தியாயம் போனால் ஐந்து வருட உழைப்பில் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். வந்த கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் மடுகரைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா? அணுக்கருவில் நியூட்ரான்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், சில சமயம் எல்லாத் துகள்களும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு கருவையே நீளமாக்கிவிடும் என்றேன்.

"கண்ணுக்கே தெரியாதத நீட்டம்னு எப்பிடிடி சொல்ற?" என்றார் அப்பா. கரும்புக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

கூடையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துத் தரையில் சுழற்றிக் காட்டினேன். நீளமானது சுற்றினால் தெரியும். உருண்டை சுற்றினால் சுற்றியதே தெரியாது. சுற்றும் கரு ஆற்றலை ஒளியாக விடும்போது, எங்கள் வரைபடத்தில் ஏணிப்படி மாதிரி கோடுகள் விழும். என்னிடம் முதல் படி இருந்தது. இரண்டாம் படியைக் காணோம்.

"ஒத்த படிய வெச்சிக்கினு ஏணின்னா எவன் ஒத்துக்குவான்? உருண்டதான்."

"நீட்டந்தான் மாமா. அவ சும்மா சொல்ல மாட்டா," என்றார் அண்ணி. அவர் என் கட்சி. அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தாலே இதே வழக்குதான்.

நான்காம் நாள் மதியம், இரண்டாம் படி எங்கே விழ வேண்டும் என்று மறுபடி கணக்குப் போட்டேன். அது நேராகக் குப்பைமேல் போய் நின்றது. எங்கள் கருவிக்குள் இருக்கும் ஜெர்மானியப் படிகத்தில் நியூட்ரான் மோதினால் எப்போதும் ஒரே இடத்தில் ஒரு வீண் கோடு எழும்; அதைத்தான் குப்பை என்போம். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே அதை வெட்டி எறியக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நானும்தான் பார்க்கவில்லை, மடச்சி.

நியூட்ரான் ஒளியைவிட மெதுவாக வரும். எனவே பிந்தி வந்தவற்றை மட்டும் விலக்கினேன். குப்பை அடங்கியது. அதனடியில் ஊசி மாதிரி ஒரு கோடு குட்டையாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு தேடினால் மூன்றாம் படியும் வந்தது. நான் போட்ட கூச்சலில், பாம்பு என்று நினைத்து அண்ணி கழியோடு ஓடி வந்தார்.

அப்பா மட்டும் அசையவில்லை. "அந்த வாத்தியாரு வாயால சொல்லட்டும்."

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வேன் பிடித்து மொத்தக் குடும்பமும் வந்து கடைசி வரிசையை நிரப்பிவிட்டது. பேராசிரியர் என் புதிய வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது குப்பைக் கோடு வர்ற இடமாச்சே. நீங்க வெட்டலையா?"

"வெட்டினேன் சார். அஞ்சு வருஷமா வெட்டினேன். என் பழைய படம் எல்லாத்துலயும் அந்த இடம் காலியா இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இருபது வருஷமா வெட்டிக்கிட்டு இருக்கேம்மா," என்றார். பிறகு என் ஆய்வேட்டைத் திறந்து, ஓரத்தில் தான் எழுதியிருந்ததைத் தன் பேனாவாலேயே அடித்தார்.

கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றார்.

"அப்ப நீட்டந்தானுங்களா சார்?"

"நீட்டந்தாங்க," என்றார் பேராசிரியர்.